‘புல்லுருவி’ என்றார் அப்பா!

நான்கு வருடங்களுக்கு முன்பு, அத்தையின் முட்டி வலிக்கு பெரம்பலூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு, அரியலூர் பக்கமிருக்கும் எங்கள் ஊருக்கு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையை அகலப்படுத்துவதற்காக வழியில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை என் தோளைத் தட்டினார்.

“தம்பி, வண்டிய நிறுத்து!”

வெட்டிப்போட்ட கிளை ஒன்றில், பட்டை பட்டையான தடித்த இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. கயிறு போல வெள்ளை வேர்கள். அத்தை அதை மரப்பட்டையோடு பெயர்த்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வாசலிலேயே அப்பா பிடித்துக்கொண்டார். “ஏக்கா, இந்தப் புல்லுருவிய எதுக்குத் தூக்கிட்டு வர்ற? மாமரத்துல வெச்சா சத்தையெல்லாம் உறிஞ்சிடும். மரமே பட்டுப்போயிடும்.”

அத்தை பதில் சொல்லவில்லை. அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் தாவரவியல் புத்தகத்தோடு ஓடிவந்தாள். “தாத்தா, இது புல்லுருவி இல்ல. வாண்டா. ஆர்க்கிட் வகை. எங்க பாடத்துலயே இருக்கு!”

புல்லுருவி, மரத்துக்குள் வேரை இறக்கி அதன் நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். வாண்டா அப்படியில்லை. அது தொற்றுச்செடி. உட்கார மட்டும்தான் மரத்தில் இடம் கேட்கும். வேரைச் சுற்றி ‘வெலாமன்’ என்று பஞ்சு மாதிரி ஒரு திசு உண்டு. மழை, பனியின் ஈரத்தை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும். உணவை இலைகள் தயாரித்துக்கொள்ளும். மகள் ஒரு சொம்புத் தண்ணீரை வேரில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேர் பச்சையாக மாறியது. அப்பா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தையைப் பச்சைமலை அடிவாரத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா இறந்த பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். அங்கே கொல்லைப்புற மரத்தில் இந்தப் பூ பூத்தால் வீடே மணக்குமாம்.

அந்தச் சமயம், ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டத் திட்டமிட்டிருந்தோம். பிளானில் மூன்று படுக்கையறைகள். அப்பா, அம்மாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. “அத்தைக்கு ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம்” என்று சொன்னவன் நான்தான். அது அத்தையின் காதில் விழுந்தது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் செடியை மாமரத்தில் கட்டும்போது அத்தை சொன்னார். “எடம் குடுத்தா போதும் தம்பி. அது பாட்டுக்கு இருந்துக்கும்.”

செடியைத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே இன்ஜினீயரைப் பார்த்து, ஹாலைச் சுருக்கி, மாமரத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல் வைத்து இன்னோர் அறை போடச் சொன்னேன்.

வாண்டா வளர்க்கப் பெரிய வேலை எதுவுமில்லை. மா, புளி மாதிரி சொரசொரப்பான பட்டையுள்ள மரம் நல்லது. கொய்யா பட்டையை உரிக்கும், அதில் நிற்காது. தேங்காய் நார்க் கயிறாலோ பழைய பருத்தித் துணியாலோ கட்டினால், வேர் தானே பிடித்துக்கொள்ளும். மண் போடவே கூடாது. இளவெயில் படும் பக்கமாக இருக்கட்டும். வெயில் காலத்தில் தினமும் காலையில் வேர் நனையத் தண்ணீர் தெளியுங்கள். அடுத்த முறைக்குள் வேர் காய்ந்துவிட வேண்டும். மரம் இல்லாதவர்கள், ஓட்டை போட்ட தொட்டியில் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் நிரப்பித் தொங்கவிடலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். காட்டு மரத்திலிருந்து பிடுங்கி வராதீர்கள். இதன் விதை தூசி போன்றது. இயற்கையில் அது முளைக்க ஒருவகைப் பூஞ்சையின் துணை வேண்டும். பூக்கும் அளவுக்கு வளரப் பல வருடங்கள் ஆகும். நர்சரியில் வளர்த்த செடிகளே கிடைக்கின்றன.

எங்கள் செடி மூன்று வருடங்கள் பூக்கவில்லை. கடந்த வைகாசியில் ஒருநாள் காலை, அத்தை தன் அறை ஜன்னலருகே நின்று கூப்பிட்டார். “தம்பி, வாசம் வருதா?”

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரே காம்பில் ஆறு பூக்கள். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா உதடு. பழமும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அத்தை வெகுநேரம் அங்கேயே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மாமரம் பட்டுப்போகவில்லை. இந்த வருடமும் நிறையக் காய்த்தது. இப்போதெல்லாம் தினமும் காலையில் வேருக்குத் தண்ணீர் தெளிப்பது அப்பாதான். “ஏக்கா, உன் புல்லுருவி அடுத்த மொட்டு வெச்சிருக்கு, வந்து பாரு” என்று குரல் கொடுப்பார். அத்தை சிரித்துக்கொண்டே தன் அறையிலிருந்து வருவார்.