காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி

ஸ்காபரோவில் எங்கள் தெருமுனைக் கொத்துரொட்டிக் கடை வாசலில் பின்னேரங்களில் ஐந்தாறு பேர் நிற்பார்கள். முதுகில் சதுரப் பை. ஜனவரிக் குளிரில் போன் பற்றரி சட்டென்று இறங்கிவிடும் என்று அதை ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார்கள். ஓடர் மணி அடித்ததும் தூரத்தையும் காசையும் பார்த்துச் சில நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். பாதிப்பேர் படிக்க வந்த பெடியள். "நிண்டதுக்குக் காசில்லை, அண்ணை" என்றான் ஒரு தம்பி.

வேலை கொடுப்பதும் செயலி, நிறுத்துவதும் செயலி. ஆனாலும் இவர்கள் சுயதொழில் செய்பவர்கள், சங்கம் சேர முடியாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. 2020 பெப்ரவரியில் ஒன்ராறியோ தொழில் உறவுச் சபை அதை ஏற்க மறுத்தது. ஃபுடோரா என்ற செயலி நிறுவனத்துக்கு உணவு கொண்டோடிய ரொறன்ரோ, மிசிசாகா தொழிலாளரின் வழக்கு அது. அவர்கள் பின்னால் நின்றது கனடியத் தபால் ஊழியர் சங்கம். 1981இல் 42 நாள் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தோடு மகப்பேற்று விடுப்பு வாங்கிய அதே சங்கம்.

இந்தத் தொழிலில் ஆள் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தொழிற்சாலை வாசல் இருந்தால் ஷிஃப்ற் முடியும் நேரம் துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம். இங்கே ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. சைக்கிளை நிறுத்தி, சிக்னலிலும் உணவகக் கதவடியிலும் ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசித்தான் சேர்த்தார்கள்.

தீர்ப்பு வந்து இரண்டே மாதத்தில் ஃபுடோரா கனடாவை விட்டுப் போவதாக அறிவித்தது. போன பிறகு, சங்கம் சேர்வது பற்றித் தொழிலாளர் போட்ட வாக்குகளை ஜூனில் எண்ணினால் சங்கத்துக்கு ஆதரவு 88.8 வீதம்! பேச்சுவார்த்தைக்கு எதிரே உட்கார நிறுவனம்தான் இல்லை. தோல்வி என்றார்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. சபையின் முடிவு ஏட்டில் இருக்கிறது. அன்று கூடியவர்கள் 'கிக் வேர்க்கர்ஸ் யுனைட்டட்' என்ற பெயரில் மற்றச் செயலிகளின் தொழிலாளரையும் திரட்டுகிறார்கள்.

2025 ஜூலை முதல் ஒன்ராறியோவில் செயலித் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உண்டு. ஆனால் ஓடரை ஏற்றதிலிருந்து கொடுத்து முடிக்கும்வரைதான் கணக்கு. ஊபர் சாரதி செயலியைத் திறந்து, தன் பகுதியில் ஓடத் தயாராக நிற்கும் நேரமும் வேலை நேரமே என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021இலேயே ஒப்புக்கொண்டது. இங்கே மட்டும் ஏன் முடியாது? பனியில் ஆள் தயாராக நிற்பதால்தானே நமக்குச் சாப்பாடு சூட்டோடு வருகிறது. அந்த நிற்பையும் கூலிக் கணக்கில் சேர்க்கும்படி எங்கள் மாகாணசபை உறுப்பினர்களிடம் நாம் கேட்கவேண்டும். வாக்குக் கேட்டு அவர்கள் கோயில் திருவிழாவுக்கு வரும்போதே கேட்கலாம்.