வள்ளத்துக்கு ஒரு புதுச் சட்டை!

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைவார்கள். 2025-ல் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். தனுஷ்கோடியில் நின்று பெருமூச்சு விடுவார்கள். நான் ராமநாதபுரத்திலேயே இறங்கிவிட்டேன். காரணம், நண்பனின் போன்.

''பத்து நாள் லீவு போட்டிருக்கேன்டா. எங்கப்பா வள்ளத்துக்கு வீட்டுலயே ஜெல்கோட் அடிக்கப் போறேன். வா!''

ஜெல்கோட் என்றால் தலைமுடி சமாசாரம் என்று நினைத்தேன். பி.காம். படித்தவன் வேறு என்ன நினைப்பான்?

தேவிபட்டினம் தாண்டி, தொண்டி ரோட்டில் ஒரு கடலோரக் கிராமம். வீட்டுக்குப் பின்னால் பனையோலைக் கொட்டகை. அதற்குள் கவிழ்த்துப் போட்ட வள்ளம். இந்தக் கரையில் பாய் விரித்து ஓடும் வள்ளங்கள் இன்னும் உண்டு. திருவிழா வந்தால் பாய்மரப் படகுப் போட்டிகூட நடக்கும். டீசல் விற்கிற விலையில் காற்று மட்டும்தான் இன்னும் ஓசி!

அந்தக் காலத்தில் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். பிறகு ஃபைபர் வந்தது. கண்ணாடி இழையை ரெசினில் நனைத்து மரத்தின் மேல் ஒட்டுவது. அதற்கும் மேலே பளபளவென்று ஒரு தோல். அதுதான் ஜெல்கோட். கனம் அரை மில்லிமீட்டர் சுமார். வெயிலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுக்கிற வாட்ச்மேன்.

''போன வருஷமும் இவன்தான் அடிச்சான் தம்பி. லீவு முடியப் போவுதுன்னு ஈரத்து மேலயே பூசிட்டுப் போயிட்டான். நடுக்கடல்ல தோலு உரிஞ்சுக்கிச்சு. கரை சேர்ற வரைக்கும் தண்ணி இறைச்சேன்'' என்றார் நண்பனின் அப்பா. குரலில் கோபம் இல்லை. நண்பன் தலை நிமிரவில்லை.

முதல் வேலை, பழைய தோலைச் சுரண்டுவது. அடுத்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுவது. இங்கேதான் சிக்கல். ஆபீசில் மேனேஜர்கள் ''தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்'' என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு இதுதான்! குடம் குடமாக விலைக்கு வாங்கிக் கழுவினோம்.

பிறகு? காத்திருந்தோம். பெரியவர் தினமும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். 'டக் டக்' என்றால் கெட்டி. 'பொத் பொத்' என்றால் உள்ளே ஃபைபர் விட்டிருக்கிறது, அல்லது பலகை இற்றிருக்கிறது. இற்ற பலகையை மாற்றினார்கள்.

''ஐயா, தேய்மானம் போட்டுப் பார்த்தா இந்த வள்ளத்தோட மதிப்பு பூஜ்யம்'' என்று என் படிப்பைக் காட்டினேன்.

''கடலுக்கு உங்க கணக்குத் தெரியாதே தம்பி!''

ஜெல்கோட்டை இறுக வைக்க இரண்டு சாமான். ஒன்று கோபால்ட், இன்னொன்று கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடித்தே விடும்.

''சம்பந்திங்க மாதிரி தம்பி. நேருக்கு நேர் விடக்கூடாது'' என்றார் பெரியவர். முதலில் கோபால்டை ஜெல்கோட்டில் நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். அதுவும் நூறு கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம்.

நான் தாராளமாக ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மக் சுட்டது, புகைந்தது, உள்ளே இருந்தது கல்லானது. நஷ்டக் கணக்கில் ஒரு பிளாஸ்டிக் மக்!

பத்தாவது நாள். சுத்தியல் சத்தம் எல்லா இடத்திலும் 'டக் டக்'. ஆனால் அணியத்துப் பக்கம், அதாவது முன்மூக்கில், மரம் இன்னும் ஈரம். நண்பன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். போனை எடுத்தான்.

''சார், இன்னும் ஒரு வாரம் லீவு வேணும்... அப்பாவுக்கு உடம்பு...''

பெரியவர் முறைத்தார்.

''இல்ல சார். எங்க வள்ளம் இன்னும் காயலை.''

மறுமுனையில் மௌனம். பிறகு கேட்டார்: ''தண்ணியில்லாக் காட்டுலயாய்யா காயலை?''

லீவு கிடைத்தது. ஆனால் சம்பளம் கிடையாது!

நாலு நாள் கழித்து, வெயில் ஏறுவதற்குள் விடிகாலையிலேயே பூசினோம். வெயிலில் பூசினால் பிரஷ்ஷிலேயே இறுகிவிடுமாம். மணல் வந்து ஒட்டாமல் இருக்கக் கொட்டகையைச் சுற்றித் தட்டி கட்டினோம். கடைசிப் பூச்சில் கொஞ்சம் மெழுகுக் கரைசல். அது இல்லாவிட்டால் காற்றுப் பட்ட மேல்பரப்பு பிசுபிசுவென்றே இருக்குமாம். இறுகியதும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். கடைசியில் வள்ளம் மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

கடலில் இறக்கிய அன்று பெரியவர் தனியாகத்தான் போனார். நண்பன் கரையிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சாயங்காலம் பாய் தெரிந்தது. கரையேறியவர் வள்ளத்தின் அடிப்பலகையை உள்பக்கமாகத் தடவி, மகனிடம் கையை விரித்துக் காட்டினார்.

கை காய்ந்திருந்தது. நண்பன் கண்ணில்தான் கொஞ்சம் ஈரம்.