கொதிக்க வச்சாலும் போகாதது

பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு பாட்டி, ஏழு வயசுப் பேத்தியைக் காய்ச்சலுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வாயைத் திறக்கச் சொன்னேன். புதுசா முளைச்ச முன்பற்கள்ல பழுப்புப் பட்டை.

"செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சும் போகலைங்க சார்."

(தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. இருக்கற எனாமலும் போயிடும்.)

"என்ன தண்ணி குடிக்கறீங்க?"

"போர் தண்ணிதாங்க. ஆனா நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுக்கறோம்."

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் செயின்ட் டேவிட் என்று ஒரு ஊர். அங்கும் நம்ம மாவட்டம் மாதிரியே பிள்ளைகளுக்குக் கறைப் பல். 1931-ல் மார்கரெட் கேமக் ஸ்மித் குழுவினர் அந்த ஊர்த் தண்ணீரைச் சுண்ட வைத்து ஆய்வக எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் பல்லும் கெட்டது. ஃப்ளோரைடு உப்பை மட்டும் தனியாகக் கொடுத்தபோதும் அதே கதை.

கவனிச்சீங்களா? சுண்ட வைத்துத்தான் கொடுத்தார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு எங்கேயும் போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

"பேஸ்ட்லயே ஃப்ளோரைடு இருக்கே டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதே ஃப்ளோரைடு சிறிய அளவில் சொத்தையைத் தடுக்கும் என்பதையும் பிறகு எலிகளிடம் பார்த்தார்கள். பல்லின் மேல் பட்டால் நல்லது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயது வரை, அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போனால் எனாமல் கெடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்கணும், வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

எலிக்கு ஒரு சௌகரியம். அதன் முன்பல் சாகும்வரை வளரும். தண்ணியை மாத்தினா கறை தேய்ந்து புதுப் பல் மேலே வரும். இந்தப் பேத்திக்கு வந்தது வந்ததுதான்.

"வீட்ல சின்னது இருக்கா பாட்டி?"

"தம்பி இருக்கான் சார். ஒண்ணரை வயசு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவனுக்கு இன்னும் நேரம் இருக்கு.

2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃப்ளோரைடு தொல்லைக்காக வந்ததுதான். குழாய் இவங்க தெருவிலும் இருக்காம். "அது சப்புனு இருக்குங்க" என்றார். குடிக்க, சோறு பருப்பு வேக வைக்க குழாய்த் தண்ணி; துணிக்கும் பாத்திரத்துக்கும் போர் தண்ணி என்று சீட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப கொதிக்க வைக்க வேண்டாங்களா?"

"வைங்க பாட்டி. குழாய்த் தண்ணியை வைங்க."