வெள்ளையனோடு பேசியவர்

எங்கள் வெள்ளையன் அசல் ராஜபாளையத்து நாய். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இனம். வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. இவனோ பின்னாலிருந்து யாரேனும் தொட்டால் அலறிக் கட்டிலுக்கடியில் ஒடுங்குவான். வைத்தியநாதர் குடிகொண்ட மடவார் வளாகத்தில் இருந்துகொண்டு, நாய்க்கு வைத்தியம் தேடி அலைந்தோம்.

விலங்குகளோடு மனத்தால் பேசுவதாகச் சொன்ன ஓர் அம்மையார் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் குரல்தான் இவனை அச்சுறுத்துகிறது" என்றார். அடுத்த வாரம் கால்நடை மருத்துவர் அவன் முதுகுப்புறம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். காது அசையவில்லை. பிறவிச் செவிடு! வெண்ணிற நாய்களிடம் இது உண்டு. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லையென்றால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உணர்செல்கள் மடிந்துவிடுகின்றன.

நிற்க. அதே அம்மையார் செய்த ரெய்கியை முற்றாகத் தள்ள மனம் வரவில்லை. 1922இல் ஜப்பானில் மிக்காவோ உசுய் தொடங்கிய முறை. கைவழியே பாய்வதாகச் சொல்லப்படும் அந்த ஆற்றலை யாரும் அளந்து காட்டியதில்லை. ஆனால் அரைமணி நேரம் அவன் கண்ணெதிரே அசையாமல் அமர்ந்து மெல்ல மூச்சுவிட்டார், வெள்ளையன் உறங்கிவிட்டான். ஒரு நாய்க்கென்று முழு அரைமணி நேரம் யார் தருகிறார்கள்?

இப்போது நெருங்குமுன் தரையை இருமுறை தட்டுகிறோம். அதிர்வு பாதத்தில் ஏறியதும் திரும்பிப் பார்க்கிறான். உள்ளங்கை விரிந்தால் 'வா', தாழ்ந்தால் 'உட்கார்'. சென்ற தீபாவளியன்று, சிவகாசி வெடிகளுக்கு அஞ்சித் தெருநாய்களெல்லாம் பதுங்கிக்கிடக்க, இவன் மட்டும் மொட்டைமாடியில் அமர்ந்து வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.