டெரிபிரையன்: மண் நடந்த ஊர்

கோர்ட் என்று தமிழில் எழுதினால் எல்லோரும் நீதிமன்றம் என்றுதான் படிப்பீர்கள். நான் குடியிருக்கும் கோர்ட், அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ஒரு சந்தை ஊர். இங்கே வந்து பதினெட்டு வருஷமாகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது இந்த ஊரைப் பற்றியல்ல. இங்கிருந்து கிழக்கே போர்ட்டம்னா போகிற சாலையில் மலையேறினால் வரும் டெரிபிரையனைப் பற்றி. போகப்போக மற்ற கோர்ட்டும் வரும்.

சென்ற கோடையில் சென்னையிலிருந்து வந்த நண்பர், கவிஞர் யேட்ஸ் வாழ்ந்த கோபுரத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். பார்த்தோம். திரும்பும் வழியில் டெரிபிரையன் போகலாம் என்றேன். அவர் கைப்பேசியில் தேடிவிட்டு, "அங்கே நிலச்சரிவு தவிர ஒன்றுமில்லையே" என்றார். சுருக்கென்றது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்லீவ் ஆட்டி மலைத்தொடர் கால்வே, கிளேர் மாவட்டங்களுக்கு நடுவே படுத்துக்கிடக்கிறது. மலை என்றால் நம் நீலகிரியை நினைக்க வேண்டாம். நானூறு மீட்டரை எட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும் குட்டை மலை. அதன் மேட்டில் ஒரு தேவாலயமும் சிதறிய பண்ணை வீடுகளுமாக டெரிபிரையன். எந்தப் பங்கு, எந்த வார்டு என்பதெல்லாம் தபால்காரருக்குத் தெரிந்தால் போதும். 'டெரி' என்றால் ஓக் மரச்சோலை. இப்போது திரும்பின பக்கமெல்லாம் ஸிட்கா ஸ்ப்ரூஸ்தான், மரக்கூழுக்கும் பலகைக்கும் வரிசையாக நட்ட ஊசியிலை மரம். பெயரில் மட்டும் ஓக் மிச்சமிருக்கிறது.

இந்த ஊரின் சொத்து மண்தான். மண் என்றும் சொல்ல முடியாது. ஸ்ஃபேக்னம் என்ற பாசி செத்து, தண்ணீரில் ஊறி, காற்றுப் படாததால் மக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த கரும்பழுப்புப் பண்டம். பீட் என்பது அதுதான். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஒரு ஆள் உயரத்துக்குச் சேர ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாது. எடைபோட்டால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதாவது பாலில் இருப்பதைவிடத் தண்ணீர் அதிகம், ஆனால் மேலே புல் முளைத்திருக்கும், ஆடு மேயும், நாமும் நடக்கலாம். காலடியில் மெத்தை மாதிரி அமுங்கி எழும்.

அதை வெட்டி உலர்த்தினால் அடுப்புக்கு எரிபொருள். வெட்டின கட்டிக்கு டர்ஃப் என்று பெயர். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் டெரிபிரையனில் பிறந்தவர். டர்ஃப் பற்றிக் கேட்டால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. ஏப்ரல், மே வந்ததும் குடும்பத்தோடு மலையேறுவார்களாம். ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பீட் சதுப்பில் ஒரு துண்டு உண்டு, அதில் வெட்டிக்கொள்ள உரிமையும் உண்டு. ஷ்லான் என்றொரு கருவி: ஒடுங்கின மண்வெட்டி, அதன் விளிம்பில் செங்குத்தாக இன்னொரு இறக்கை. ஒரு குத்தில் இரண்டு பக்கமும் அறுபட்டு, செங்கல் வடிவில் ஈரக்கட்டி வந்துவிடும். கீழே நின்று ஒருவர் வெட்டி வீச, மேலே நிற்பவர் பிடித்துப் பரப்ப வேண்டும். தாளம் தப்பினால் கட்டி முகத்தில் விழும். ஒன்றிரண்டு வாரத்தில் மேல்தோல் காய்ந்ததும் ஐந்தாறு கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து, காற்று புகும்படி நிறுத்துவது அடுத்த வேலை. எங்கள் பாட்டி களத்தில் வறட்டியை இப்படித்தான் நிறுத்திவைப்பாள். குனிந்த முதுகு நிமிர மூன்று நாள் ஆகும் என்று பெரியவர் சொன்னபோது பாட்டியின் குரலே கேட்டது.

ஒரு வீட்டு வேலைக்கு அக்கம்பக்கத்தார் எல்லோரும் கை கொடுப்பார்கள்; அதற்கு ஐரிஷில் 'மெஹல்' என்று ஒரு தனிச்சொல்லே உண்டு. கூலி கிடையாது. சாப்பாடும், பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் உழைப்பதும்தான் கணக்கு. சதுப்பில் குடிக்கிற தேநீருக்கு இணையில்லை என்று இங்கே சொல்லாதவர் இல்லை. இரவு தணலைச் சாம்பலால் மூடிவைத்தால் காலையில் ஊதி எழுப்பிக்கொள்ளலாம். அந்தப் புகையின் இனித்த மண்வாசனை டிசம்பர் மாலையில் சாலை வரைக்கும் வந்து நிற்கும். கை வெட்டு போய் டிராக்டர் வெட்டு வந்து வெகுகாலமாயிற்று. அதுவும் சதுப்பைக் காயவைக்கிற வேலைதான். பெரியவரே ஒப்புக்கொள்கிறார்.

காஷ்லான்ட்ரம்லஹான் என்று வாயில் நுழையாத பெயர்கொண்ட அந்த மேட்டில் 2003 ஜூலையில் காற்றாலை வேலை தொடங்கியது. கட்டியது அரசு மின்வாரியத்தின் துணை நிறுவனம். 70 காற்றாலைகள், மொத்தம் 60 மெகாவாட் அளவு. நிலத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு ஐரோப்பாவிலேயே பெரியவற்றுள் ஒன்று. மரம் வெட்டினார்கள், சதுப்பின்மேல் சாலை போட்டார்கள், அஸ்திவாரத்துக்குத் தோண்டினார்கள். தயிர்ச்சட்டியில் ஏடு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கீறிவிட்டு நடுவில் அழுத்தினால் என்ன ஆகும்?

அக்டோபர் 16 அன்று மலை நடந்தது. பெருமழை பெய்து சரிந்திருந்தால் விதியென்று விட்டிருப்பார்கள். "அன்றைக்கு மழைகூட இல்லையே" என்பதைப் பெரியவர் இன்றும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். ஏறத்தாழ நான்கரை லட்சம் கன மீட்டர் பீட். பத்து கன மீட்டர் பிடிக்கிற டிப்பர் லாரியில் அள்ளினால் 45,000 நடை. மரங்களை நட்டது நட்டபடி சுமந்துகொண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வழிந்து வந்து நின்றது. மாதக் கடைசியில் நிஜமாகவே மழை வந்தபோது, நின்றது மறுபடி கிளம்பி ஓவெண்டலலீ ஆற்றில் இறங்கியது. ஆறு கறுத்து, அது போய்ச் சேரும் கூட்ரா ஏரி கறுத்தது. ஏறத்தாழ 50,000 மீன்கள் செத்தன. முட்டையிடும் சரளைப் படுகைகள் சேறு மூடிப் போயின. அந்த ஏரித் தண்ணீரைத்தான் கோர்ட்டில் நாங்கள் குடிக்கிறோம். மனித உயிர் ஒன்றும் போகவில்லை. 1896 டிசம்பரில் கெரி மாவட்டத்தில் இதேபோல் ஒரு சதுப்பு உடைந்தபோது ஒரே குடும்பத்தில் எட்டுப் பேரை இரவோடிரவாக அடித்துப்போயிற்று. டெரிபிரையன்காரர்கள் அன்று தூங்காமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்ததற்கு அந்த நினைவு போதும்.

சேறு காய்ந்தது. வேலை மறுபடி தொடங்கி 2006-ல் காற்றாலைகள் சுற்றவும் ஆரம்பித்தன. இனி அந்தக் கோர்ட் கதை. 2008 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சுற்றுச்சூழல் பாதிப்பை முறைப்படி மதிப்பிடாமலே இங்கே அனுமதி தரப்பட்டது என்று அயர்லாந்தைக் குற்றஞ்சாட்டித் தீர்ப்பளித்தது. மதிப்பீட்டைச் செய்துமுடிப்பதுதான் அரசு செய்ய வேண்டிய வேலை. பதினோரு வருஷம் செய்யவில்லை. 2019 நவம்பர் 12 அன்று அதே நீதிமன்றம் 50 லட்சம் யூரோ அபராதமும், சரிசெய்யும்வரை நாளுக்கு 15,000 யூரோவும் விதித்தது. நாளுக்குப் பதினைந்தாயிரம்! 2022 பிறப்பதற்குள் ஒன்றரைக் கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. அந்த பிப்ரவரியில் திட்ட மேல்முறையீட்டு வாரியம், நடந்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி தர முடியாது என்றது. மார்ச்சில் காற்றாலைகளையே மூடிவிடுவதாக மின்வாரியம் அறிவித்தது.

அபராதம் போய்ச் சேர்ந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் கஜானாவுக்கு. அதிலிருந்து டெரிபிரையனுக்கு ஒரு சென்ட் கிடையாது. கட்டியது இந்த நாட்டு வரிப்பணம், அதில் பெரியவரின் பங்கும் என் பங்கும் உண்டு. மீன் போச்சு, மலை போச்சு, கடைசியில் மின்சாரமும் போச்சு. காற்றாலை வேண்டாம் என்று இந்த ஊரில் நான் பேசியவர்கள் யாரும் சொல்லவில்லை. நிற்கப்போகிற இடம் தாங்குமா என்று முதலில் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். அதைக்கூடக் காதில் வாங்கவில்லை: 2020 நவம்பரில் டொனகல் மாவட்டத்து மீன்பாகில், மறுபடியும் காற்றாலை வேலை நடந்த இடத்தில், மறுபடியும் பீட் சரிந்து ஆற்றில் இறங்கி, எல்லை தாண்டி வட அயர்லாந்து வரை கறுப்பாக ஓடியது.

2022 அக்டோபர் முதல் டர்ஃப் கட்டிகளைக் கடையிலோ இணையத்திலோ விற்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. புகை நெஞ்சுக்குக் கெடுதல். சரியான விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு டிராக்டர் டர்ஃபுக்குச் சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மலைக்குப் பதில் சொல்லப் பத்தொன்பது வருஷம் போதவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த வருஷமும் தன் துண்டில் டர்ஃப் நிறுத்திவைத்திருக்கிறார். யேட்ஸ் கோபுரம் பார்க்க வருகிறவர்கள் டெரிபிரையனுக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். பூனைப்பருந்து கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள்.