ஆவாரம்பட்டையும் ஒரு ஜோடிக் கூலியும்

ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் பிரியாணி வாசனைதான் முதலில் வரும் என்று சென்னைக்காரர்கள் சொல்வார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்தது அது.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றையொட்டி நீளும் தோல் வட்டாரம் 2019இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. தொழில் பிரியவில்லை. இங்கே பெரும்பாலான தோல் இன்று குரோமியத்தில் பதனாகிறது. மரத்தாலான பெரிய ட்ரம்மில் போட்டுச் சுழற்றினால் ஒரே நாளில் வெளிர்நீலமாகிவிடும். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். நான் பார்க்கப் போனது அதற்கு முந்தைய முறையை. மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமாகும் தோல் அது. நகரத்துப் பை, பெல்ட் தயாரிப்பாளர்கள் ‘இயற்கைத் தோல்’ என்று கூடுதல் விலை சொல்லி விற்பதும் இதைத்தான்.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு பழைய தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கூடத்தில், குழிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. உப்புப் போட்டு வந்திறங்கும் பச்சைத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பையும் இரத்தத்தையும் போக்குகிறார்கள். அடுத்தது சுண்ணாம்புக் குழி. சில நாள் கிடந்தால் ரோமம் வேரோடு தளர்ந்துவிடும். பிறகு சாய்ந்த மரத் திட்டின்மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் ஒரு பக்கம் ரோமத்தையும் மறுபக்கம் சதையையும் சீவ வேண்டும். கத்தி ஒரு நூலளவு ஆழமாக இறங்கினாலும் தோல் விலை போகாது. சீவிக்கொண்டிருந்தவரின் கையில் கையுறை இல்லை. ஈரத் தோலில் பிடி வழுக்குகிறதாம்.

பட்டைக் குழிகளின் வரிசையில்தான் கைத்திறன் இருக்கிறது. தோல் முதலில் இறங்குவது பலமுறை பயன்பட்டு நீர்த்துப்போன பழைய சாற்றில். அங்கிருந்து ஒவ்வொரு குழியாக ஏறி, கடைசியில்தான் புதிய, கனத்த சாற்றுக்கு வரும். தொடக்கத்திலேயே கனத்த சாறு பட்டால் மேல்பரப்பு மட்டும் இறுகிப்போய் உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். எப்போது அடுத்த குழிக்கு மாற்றுவது என்பதை ஓரத்தில் சிறு துண்டு நறுக்கி, வெட்டுவாயில் நிறம் உள்வரை ஏறியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். இரும்பு எதுவும் சாற்றில் விழக் கூடாது. ஓர் ஆணி விழுந்தாலும் தோலில் மைபோலக் கறுப்பேறும். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயில் மை காய்ச்சியதும் இந்த வேதியியலால்தான். இங்கே கடுக்காய்க்கு வேறு வேலை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்தால் நிறம் நிற்கும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் ஒடிக்கும் அதே ஆவாரைதான். வறண்ட கரடுகளில் தானாக முளைக்கும் அந்தச் செடிதான் தென்னிந்தியத் தோலை ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் லண்டன் சந்தைவரை கொண்டுபோனது. அந்தத் தோலுக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது.  ஆனால் தேவை பெருகப் பெருகக் கரடுகள் ஈடுகொடுக்கவில்லை. இப்போது குழியில் கரைவது பெரும்பாலும் வாட்டில் மரச் சாற்றின் தூள். நீலகிரியில் சீகை என்பார்களே, அதே மரம். தூள் வருவதோ ஆப்பிரிக்காவிலிருந்து, கப்பலில். ‘உள்ளூர் இயற்கைப் பொருள்’ என்ற சீட்டைப் பையில் தொங்கவிடுகிறவர்கள் ஒருமுறை அந்த மூட்டையின் முகவரியைப் படிக்கலாம்.

குரோமியம் இங்கே பரவியதற்குச் சோம்பல் காரணமில்லை. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. முழுதாக முடித்த தோலும் ஷூவும் போகட்டும் என்பது கணக்கு. ஷூவின் மேல்பாகத்துக்கு வெப்பம் தாங்கும் மெல்லிய, இளகிய தோல் வேண்டும். பட்டைத் தோல் அவ்வளவு சூட்டில் சுருங்கும்; குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். அதனால் பட்டைத் தோல் ஷூவின் உட்புறத்துக்கும் பெல்ட்டுக்கும் பைக்கும் ஒதுங்கியது.

தோல் கழிவுநீரால் பாலாறு கெட்ட கதையை எல்லோரும் அறிவார்கள். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதாக அதில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே வட்டாரத்துக்காக இழப்பீடு பற்றியும் ஆற்றைச் சீரமைப்பது பற்றியும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. குற்றம் முழுவதையும் குரோமியத்தின் தலையில் கட்டுவது எளிது. ஆனால் தென்னை காய்ந்ததிலும் கிணறு கரித்ததிலும் பெரும்பங்கு உப்புக்கு உண்டு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் பாதி அளவுக்குக்கூட உப்புப் போடுகிறார்கள். பட்டைக் குழிக்குப் போகும் தோலிலும் அதே உப்புதான்.

பட்டைக் காலத்தைப் பொற்காலமாக நினைப்பவர்களுக்கு டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைக் கொடுக்கலாம். 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற அந்நாவல், திண்டுக்கல் தோல்ஷாப் தொழிலாளர்களின் அடிமைப்பாட்டையும் அவர்கள் சங்கம் கட்டியதையும் சொல்வது. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். இயற்கைப் பொருள் அவர்கள் கால்களை அரித்துத் தின்றதில் குறை வைக்கவில்லை.

பட்டை முறை கேட்பது நேரம். அந்த நேரத்துக்கு யார் காசு வாங்குகிறார்கள் என்று பார்த்தால், ஆம்பூர்த் தெருக்களில் விடை வேறுமாதிரி இருக்கிறது. தொழிற்சாலைக்குள் வெட்டிய ஷூ மேல்பாகங்கள் சாக்குகளில் கட்டி ஏஜெண்ட் வழியாக வீடுகளுக்கு வருகின்றன. மொக்காசின் வகை ஷூவின் மூக்குப் பகுதியை மெழுகு நூலால் சுருக்கித் தைப்பதற்கு இன்னும் கைதான் வேண்டும். திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, இரண்டு ஊசிகளை எதிரெதிராக ஒரே துளையில் விட்டு இழுக்கிறார்கள் பெண்கள். ஒவ்வொரு இழுப்பும் ஒரே அழுத்தமாக விழ வேண்டும். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு நிரந்தரமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டதுதான் பயிற்சி. இதையே பெருநகரத்தில் வார இறுதி வகுப்பாக நடத்தினால் கட்டணம் கட்டிச் சேர ஆள் உண்டு.

இந்தப் பெண்களைப் பற்றி 2016இல் பிரிட்டனைச் சேர்ந்த ‘ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைடு’, ‘லேபர் பிஹைண்ட் த லேபிள்’ அமைப்புகளும் பெங்களூரின் ‘சிவிடெப்’பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்குக் கிடைத்தது 10 பென்னிக்கும் குறைவு, அதாவது அப்போது சுமார் பத்து ரூபாய். அந்தக் காசுக்கு லண்டன் கடையில் ஷூவின் கயிறுகூட வராது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகின்றன.

வீட்டிலிருந்து உழைப்போருக்கும் மற்றத் தொழிலாளர்க்குரிய உரிமைகள் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியதும் பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே 1996இல்தான். இந்தியா இன்றுவரை அதை ஏற்று ஒப்பமிடவில்லை. ஏஜெண்ட் எடுத்துப்போன ஜோடியில் ஒரு தையல் தளர்ந்திருந்தாலும் அது திரும்பி வரும். பிரித்து மறுபடி தைப்பதற்குத் தனிக் கூலி கிடையாது.