நான் கூட்டி வைத்த எண்

வளிமண்டலச் சுழற்சியைக் கணக்கிடும் கணினி மாதிரி ஒன்றில் ஓர் எண்ணைக் கூட்டி வைத்தேன். இயற்பியல் காரணம் எதுவும் கிடையாது. படம் பொருந்தவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் மேலநீலிதநல்லூரில் ஆடிக்காற்று மேற்கே மலைக் கணவாயிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். அதே நேரம் தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து பாயும். 1958-இல் பி. கோடீஸ்வரம் எடுத்துக்காட்டிய கீழைத் தாரைக்காற்று அது. அதன் மேலும் கீழும் காற்றின் வேகம் உயரத்துக்கு உயரம் சட்டென்று மாறும். அந்த வேறுபாடு மிஞ்சிப்போய், காற்றடுக்கு எவ்வளவு நிலையாக நிற்கும் என்பதைச் சொல்லும் ரிச்சர்ட்சன் எண் 0.25-க்குக் கீழே இறங்கினால், மேகமே இல்லாத இடத்தில் காற்று சுருண்டு உடையும். விமானத்தில் போகிறவரின் காபி சட்டையில் கொட்டுவது அப்போதுதான்.

மாதிரியின் கண்ணில் இது படாது. அதன் கட்டம் ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் அகலம். கொந்தளிக்கும் அடுக்கோ பல நேரம் சில நூறு மீட்டர் கனம்கூட இராது. ஆகவே 'இவ்வளவு கலக்கும்' என்று ஓர் எண்ணை நாமே கொடுக்கிறோம். என் மாதிரியில் தாரைக்காற்று தாறுமாறான வேகத்தில் வந்தது. எண்ணைக் கூட்டினேன், அடங்கியது. கூடவே நீராவியும் 17 கிலோமீட்டரைத் தாண்டி மேலே கசிந்தது. அந்த உயரத்தில் நீராவி மிக அரிது, கொஞ்சம் கூடினாலும் வெப்பக் கணக்கே மாறும். அந்தப் படத்தை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. மறதி இல்லை. பார்த்தேன், மூடிவிட்டேன். எண்ணைப் பற்றி 'அளவீடுகளுக்கு இசைய' என்று ஒரு வரி எழுதினேன்.

எந்த அளவீடு? திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியில் இருக்கும் எம்.எஸ்.டி. ரேடார் 1990-களிலிருந்து இந்தக் கொந்தளிப்பை 150 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்து வருகிறது. திருப்பதிக்கு மொட்டை போடப் போய்வந்த எனக்கு, அந்தத் தரவைக் கேட்டு வாங்க மட்டும் நேரமில்லை. சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பயம்தான். ஒப்பிட்டால் என் எண் நிற்காது என்று உள்ளுக்குள் தெரியும்.

பிறகு வேலைக்குச் சேர்ந்த பையன், நம்ம பக்கத்து ஆள், கோப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த எண் எங்கேயிருந்து வந்திச்சு?" என்று கேட்டான்.

"நல்லாத்தான ஓடுது, ஏம்டே நோண்டுத?" என்றேன்.

சிரித்துவிட்டு, அதே எண்ணை அடுத்த மாதிரிக்கும் எடுத்துக்கொண்டு போனான்.